ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் தாவரவியலும் வகைப்பாட்டுச் சிக்கலும்: குறிஞ்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் குறிஞ்சி எனப்படும் செடி, அகாந்தேசி குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினத்தின் ஓர் உறுப்பினர். ஏறத்தாழ 450 சிற்றினங்களைக் கொண்ட இப்பேரினம் கடந்த இரு நூற்றாண்டுகளில் பலமுறை பகுக்கவும் தொகுக்கவும் பட்டது. ஒரே செடி வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு பேரினப் பெயர்களில் இடம்பெறுவதற்கு இதுவே காரணம். இப்பேரினத்தின் உருவமைப்பு, நீண்ட இடைவெளியில் பூக்கும் இயல்பு, வகைப்பாட்டு வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பூக்கும் இடைவெளியே வகைப்பாட்டுச் சிக்கலுக்கு ஒரு முதன்மைக் காரணம் என்பதையும், பெயர்க்குழப்பம் மருந்தாய்வு, பாதுகாப்புச் சட்டம், சங்க இலக்கியத் தாவர அடையாளம் ஆகிய மூன்று களங்களிலும் விளைவுகளை ஏற்படுத்துகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குறிஞ்சி, ஸ்ட்ரோபிலாந்தஸ், அகாந்தேசி, வகைப்பாட்டியல், பெயரிடு முறை, சோலைப் புல்வெளி, சங்க இலக்கியத் தாவரங்கள்.

1. முன்னுரை

ஐந்திணைகளுள் முதலாவதாக எண்ணப்படும் மலைநிலத்திற்கும் அதற்குரிய ஒழுக்கத்திற்கும் பெயர் தந்த மலர் குறிஞ்சி. இதனால் தமிழாய்வாளர்கள் இம்மலரைப் பற்றி மிகுதியாக எழுதியுள்ளனர். எனினும், அவ்வெழுத்துகளில் பெரும்பாலானவை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்ற செய்தியோடும் ஓர் அறிவியற்பெயரோடும் நின்றுவிடுகின்றன. அவ்வறிவியற்பெயரும் ஒரே வகையாக அமைவதில்லை. ஒரு நூல் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்கிறது; மற்றொன்று ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்கிறது; நாளிதழ்களும் சுற்றுலாக் கையேடுகளும் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானஸ் என்று எழுதுகின்றன. இவை மூன்று செடிகளா, ஒரு செடியின் மூன்று பெயர்களா என்ற ஐயம் தாவரவியல் பயிலாத ஆய்வாளருக்கு எழுவது இயல்பு.

இவ்வையத்திற்கு விடை காண, பேரினம் என்பது எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்பதையும், இக்குறிப்பிட்ட பேரினத்தின் வரையறை ஏன் நிலைபெறாமல் இருந்தது என்பதையும் அறிதல் வேண்டும். அந்நோக்கில் இக்கட்டுரை அமைகிறது.

2. குடும்பமும் பேரினமும்

ஆடாதோடை, நிலவேம்பு, செம்முள்ளி, கனகாம்பரம், நீர்முள்ளி முதலிய செடிகள் அடங்கிய அகாந்தேசி குடும்பம் வெப்பமண்டலப் பகுதிகளில் பரவலாகக் காணப்படுவது. இக்குடும்பத்தின் ருயெல்லியே என்னும் கிளைக்குழுவில், ஸ்ட்ரோபிலாந்தினே என்னும் துணைக்குழுவில் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினம் வைக்கப்படுகிறது.

இப்பேரினத்தை முதலில் நிறுவியவர் டச்சுக் குடியேற்றமாக இருந்த சாவகத்தில் பணியாற்றிய கார்ல் லுட்விக் புளூமே. ஆண்டு 1826. கூம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் மலரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து அவர் இப்பெயரை உருவாக்கினார். பூவடிச்செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கப்பட்டு, பைன் மரக் கூம்பினை ஒத்த மஞ்சரியாக அமைவதே இப்பெயருக்கு அடிப்படை. எல்லாச் சிற்றினங்களிலும் இவ்வமைப்பு இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பது பின்னர் எழுந்த சிக்கல்களுக்கு ஒரு முன்னறிகுறி எனலாம்.

இப்பேரினம் இந்தியா, இலங்கை, இமயமலைப் பகுதி, மியான்மர், தென்சீனம், தென்கிழக்காசியா எனப் பரந்து காணப்படுகிறது. தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையே இதன் முதன்மை வாழிடம். இங்குள்ள சிற்றினங்களுள் பல வேறெங்கும் இயற்கையாக வளராதவை. அவற்றுள் சில ஒரிரு மலைத்தொகுதிகளோடு நின்றுவிடுபவை.

3. உருவமைப்பு

ஸ்ட்ரோபிலாந்தஸ் சிற்றினங்கள் பெரும்பாலும் புதர்ச்செடிகள், சில சிறுசெடிகள். பல சிற்றினங்களில் தண்டு நாற்கோண வடிவில் இருக்கும், கணுக்கள் பருத்திருக்கும். இலைகள் எதிரெதிராக அமைகின்றன. ஒரு கணுவில் எதிரெதிரே உள்ள இரு இலைகளும் அளவில் ஒத்திராமல், ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருத்தல் இப்பேரினத்தின் பல சிற்றினங்களில் காணப்படும் இயல்பு. இலையின் புறத்தோல் செல்களில் கால்சியம் கார்பனேட் படிவங்களான சிஸ்டோலித்துகள் உள்ளன. உலர்ந்த இலையை உருப்பெருக்கியின்வழி நோக்கினால் இவை நுண்ணிய கோடுகளாகப் புலப்படும்.

புல்லி வட்டம் ஐந்து மடல்களை உடையது. அல்லி வட்டம் அடியில் ஒடுங்கிய குழலாகவும் மேலே விரிந்த புனலாகவும் அமைந்து ஐந்து மடல்களாகப் பிரியும். மொட்டு நிலையில் மடல்கள் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருக்கும். மகரந்தத்தாள்கள் பொதுவாக நான்கு. இரண்டு நீண்டும் இரண்டு குறுகியும் இருக்கும். சில சிற்றினங்களில் இரண்டு மட்டுமே வளமுடையவை. இவற்றின் இழைகள் அடிப்பகுதியில் மெல்லிய சவ்வினால் இணைந்துள்ளன. இவற்றினும் குறிப்பிடத்தக்க பண்பு அல்லிக் குழலின் உட்புறத்தில் உள்ளது. அங்கே இரண்டு வரிசைகளாக அமைந்த உரோமங்கள் சூல்தண்டினைத் தம்மிடையே பற்றி நிறுத்துகின்றன. வெளித்தோற்றத்தில் வேறுபடும் சிற்றினங்களையும் ஒரே உறவுக்குழுவாகக் காட்டும் பண்புகளுள் இஃது ஒன்று.

சூலகம் ஈரறை உடையது. பெரும்பாலான சிற்றினங்களில் ஓர் அறைக்கு இரண்டு சூல்கள் உள்ளன. கனி உலர்ந்து வெடிப்பது. விதைகளைத் தாங்கும் கொக்கி போன்ற உறுப்பு, கனி வெடிக்கும்போது விதைகளைத் தொலைவில் எறிய உதவுகிறது. இக்கொக்கி அகாந்தேசி குடும்பத்தின் பெரும்பகுதிக்கும் பொதுவான அடையாளம். பல சிற்றினங்களின் விதை மேற்பரப்பில் உள்ள உரோமங்கள் நீர் பட்டவுடன் நிமிர்ந்து பசைத்தன்மை கொள்கின்றன. விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ள இஃது உதவுகிறது.

மகரந்தத்தூளின் புறவடிவம் இப்பேரினத்தில் வியக்கத்தக்க அளவு வேறுபடுகிறது. கோளம், நீள்கோளம், முள்ளுடையது, வரியுடையது, வலைப்பின்னல் உடையது எனப் பல வகைகள் இதில் உண்டு. பொதுவாக ஒரு பேரினத்திற்குள் மகரந்தத்தூள் ஓரளவு ஒத்திருக்கும். இங்கோ நெருங்கிய தோற்றமுடைய இரு செடிகள் முற்றிலும் வேறுபட்ட மகரந்தத்தூளைக் கொண்டிருக்கலாம். வகைப்பாட்டாளர்களை ஈர்த்ததும் பின்னர் வழிதவறச் செய்ததும் இப்பண்பே.

4. நீலக்குறிஞ்சியின் தனித்தன்மை

ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா எனப்படும் நீலக்குறிஞ்சி, நீலகிரி, பழனி, ஆனைமலை, மூணாறு முதலிய உயர்மலைப் பகுதிகளின் சோலைப் புல்வெளிகளில் வளர்கிறது. காற்று வீசும் திறந்த சரிவுகளில் குட்டையாகவும், மறைவான இடங்களில் உயரமாகவும் வளரும். இலை நரம்புகள் எடுப்பாகத் தெரியும். இச்செடியைத் தனிப்பேரினமாகக் கொண்டோர் அதற்கு இட்ட ஃபிளெபோஃபில்லம் என்ற பெயருக்கு நரம்பிலை என்பதே பொருள்.

குந்தியானா என்ற சிற்றினப் பெயர் அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்தி ஆற்றின் பெயரால் அமைந்தது என்ற கருத்து பரவலாக வழங்குகிறது. பெயரின் அமைப்பு இதற்கு இடந்தரவில்லை. இலத்தீனப் பெயரிடு மரபில் இவ்வீறு மனிதர் பெயரோடு சேர்ந்து அவரைச் சிறப்பிக்கப் பயன்படுவது. இடப்பெயருக்கு வேறு ஈறுகள் உண்டு. 1832இல் இச்செடியை விவரித்துப் பெயரிட்ட நீஸ் ஃபான் எசன்பெக், தம் காலத்தில் வாழ்ந்த செருமானியத் தாவரவியலாளர் கார்ல் சிகிஸ்முண்ட் குந்தைச் சிறப்பிக்கும் முறையில் இப்பெயரை அமைத்தார் எனக் கொள்வதே பொருந்தும்.

5. பூக்கும் சுழற்சியும் அதன் வகைப்பாட்டு விளைவும்

ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் எல்லாச் சிற்றினங்களும் நீண்ட இடைவெளியில் பூப்பவை அல்ல. ஆண்டுதோறும் பூக்கும் சிற்றினங்களும் பல உள்ளன. எனினும், கணிசமான சிற்றினங்கள் பல ஆண்டுகள் பூவாமல் வளர்ந்து, ஒரு பகுதியில் உள்ள செடிகள் அனைத்தும் ஒரே பருவத்தில் பூத்து, விதை ஈன்றபின் மடிகின்றன. அடுத்த தலைமுறை அவ்விதைகளிலிருந்து ஒருசேர முளைத்து மீண்டும் அதே கால அளவில் பூக்கிறது. இவ்வாழ்க்கை முறை பிளைட்டீசியல் எனப்படுகிறது.

இடைவெளி சிற்றினத்திற்குச் சிற்றினம் வேறுபடும். நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். மகாராட்டிரப் பகுதி மலைகளில் கார்வி என வழங்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசாவுக்கு ஏழு அல்லது எட்டு ஆண்டுகள். சாவகத்தின் ஸ்ட்ரோபிலாந்தஸ் செர்னுவாவுக்கு ஒன்பது ஆண்டுகள். சப்பானின் ஓகினாவாத் தீவில் வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் ஃபிளெக்சிகாலிசுக்கு ஆறு ஆண்டுகள். இலங்கையின் ஓர்ட்டன் சமவெளியிலும் நெலு எனச் சிங்களத்தில் வழங்கும் இப்பேரினச் செடிகள் இவ்வாறே திரளாகப் பூக்கின்றன.

நீலக்குறிஞ்சியின் 1934ஆம் ஆண்டுப் பூப்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பதிவு செய்யப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெரும்பூப்பு நிகழ்ந்தது. அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. எல்லா மலைகளிலும் உள்ள செடிகள் ஒரே கணக்கைப் பின்பற்றுவதில்லை என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஆங்காங்கே பூப்பு காணப்படும். இதனைச் சுழற்சி பிறழ்ந்ததாகக் கருதாமல், வேறு தலைமுறை அணியின் பூப்பாகவோ, வேறு சிற்றினத்தின் பூப்பாகவோ இருக்கலாம் என ஆராய்தல் வேண்டும்.

இத்தகைய பூப்புக்குக் காரணமாக ஒரு கருதுகோள் முன்வைக்கப்படுகிறது. மூங்கிலின் நீண்டகாலப் பூப்பினை 1976இல் ஆராய்ந்த தானியல் சான்சன், விதை உண்ணிகளால் உண்டு தீர்க்க இயலாத அளவு விதைகளை ஒரே காலத்தில் சொரிவதால் எஞ்சிய விதைகள் பிழைக்கின்றன என விளக்கினார். இவ்விளக்கம் ஸ்ட்ரோபிலாந்தசுக்கும் பொருத்திக் காட்டப்படுகிறது. திரளாகப் பூக்கும்போது தேனீக்கள் பெருமளவில் ஈர்க்கப்பட்டு அயல் மகரந்தச் சேர்க்கை மிகுவதும் ஒரு பயனாகும்.

வகைப்பாட்டியலுக்கு இவ்வியல்பு ஏற்படுத்தும் இடர்ப்பாடு போதிய அளவு பேசப்படவில்லை. பூக்கும் தாவரங்களின் வகைப்பாடு பூ, கனி, விதை ஆகியவற்றின் பண்புகளையே முதன்மையாகக் கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பருவம் மட்டுமே பூக்கும் செடியிலிருந்து பூவுடைய மாதிரியைச் சேகரிக்கும் வாய்ப்பு மிக அரிது. முப்பது ஆண்டுகள் களப்பணி செய்யும் ஒருவர் ஒரு மலையில் இப்பூப்பினை இரண்டு அல்லது மூன்று முறை மட்டுமே காண இயலும். பூவும் முதிர்ந்த கனியும் ஒரே மாதிரியில் கிடைப்பது அதனினும் அரிது. எனவே உலர்தாவரத் தொகுப்புகளில் பல சிற்றினங்களுக்குச் சில மாதிரிகளே இருந்தன. ஒரு சிற்றினத்திற்குள் இயல்பாக உள்ள வேறுபாடுகளை அறிய அவை போதவில்லை. வேறுபட்ட இரு மாதிரிகளைக் காண்பவர் அவற்றை இரு சிற்றினங்களாகவோ இரு பேரினங்களாகவோ கொள்வதற்கு இந்நிலை வழிவகுத்தது.

6. வகைப்பாட்டு வரலாறு: நீஸ் முதல் பிரெம்காம்ப் வரை

இந்திய அகாந்தேசித் தாவரங்களை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் நீஸ். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த நத்தானியல் வாலிச்சின் சேகரிப்புகளை அடிப்படையாகக் கொண்டு 1832இலும், பின்னர் தெ கண்டோலின் பெருந்தொகுப்பில் 1847இலும் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். புளூமேயின் ஸ்ட்ரோபிலாந்தசை ஏற்றுக்கொண்ட அவர், அதனோடு கோல்ட்ஃபுசியா, ஃபிளெபோஃபில்லம், ஸ்டெனோசைஃபோனியம், ஹெமிகிராஃபிஸ் முதலிய பேரினங்களையும் நிறுவினார்.

அதன்பின் வந்தோர் தொகுக்கும் போக்கினை மேற்கொண்டனர். கல்கத்தா தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த தாமஸ் ஆண்டர்சன் 1867இல் வெளியிட்ட இந்திய அகாந்தேசித் தொகுப்பிலும், சி.பி. கிளார்க் ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரநூலின் நான்காம் தொகுதியிலும் நீசின் பல பேரினங்களை ஸ்ட்ரோபிலாந்தசுக்குள் அடக்கினர். கிளார்க்கின் நூலில் இப்பேரினம் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்டதாக விரிந்தது. ஃபைசனின் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரநூலும், கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவரநூலும் இப்போக்கினையே பின்பற்றின. தமிழ்நாட்டு மலைத் தாவரங்களை ஆராய்ந்தோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குறிஞ்சியை ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பெயராலேயே அறிந்தமைக்கு இந்நூல்கள் காரணம்.

1944இல் இந்நிலை மாறியது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் பணியாற்றிய பிரெம்காம்ப், ஸ்ட்ரோபிலாந்தினே துணைக்குழுவை ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பகுத்தார். அவற்றுள் பல அவர் புதிதாக நிறுவியவை. மகரந்தத்தூளின் வடிவம், விதை உரோமங்களின் இயல்பு, மஞ்சரியின் அமைப்பு ஆகிய நுண்பண்புகள் அவருக்கு அடிப்படையாக அமைந்தன. தென்னிந்தியச் சிற்றினங்கள் நீலகிரியாந்தஸ், ஃபிளெபோஃபில்லம், டேனியாண்ட்ரா, செனகாந்தஸ், மெக்கென்சியா, பிளியோகாலஸ், கார்வியா முதலிய பேரினங்களில் பிரிந்து சென்றன.

பிரெம்காம்பின் பகுப்பினைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. அவருக்கு முன் எவரும் இத்துணைக்குழுவின் மகரந்தத்தூளையும் விதையையும் இவ்வளவு நுணுக்கமாக நோக்கியதில்லை. அவர் அளித்த விவரிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. எனினும், அவர் நிறுவிய பேரினங்களுள் பல ஒன்று அல்லது இரண்டு சிற்றினங்களை மட்டுமே கொண்டிருந்தன. ஒரு செடியை அதன் பேரினத்தில் சேர்க்கவே நுண்ணோக்கி தேவைப்பட்டது. பூவற்ற செடியை எப்பேரினத்திலும் சேர்க்க இயலவில்லை. ஆண்டுக்கணக்கில் பூவாத செடிகளுக்கு, பூவின்றி அறியவொண்ணாத பேரினங்கள் வகுக்கப்பட்டன என்பதே இவ்வகைப்பாட்டின் முதன்மையான முரண். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த தென்னிந்தியத் தாவரப் பட்டியல்கள் பல இப்புதிய பெயர்களை ஏற்றுக்கொண்டன.

7. அண்மைக்கால ஆய்வுகள்

பூடான் தாவரநூலுக்காக இப்பேரினத்தை ஆராய்ந்த ஜான் வுட் 1994இல் மீண்டும் விரிந்த பொருளிலான ஸ்ட்ரோபிலாந்தசை ஏற்றார். அதன்பின் மார்க் கரைன், ராபர்ட் ஸ்காட்லாந்து ஆகியோர் இச்சிக்கலை முறையாக ஆராய்ந்தனர். 2002இல் டாக்சன் இதழில் வெளிவந்த அவர்களது கட்டுரையின் தலைப்பே, வகைப்படுத்த இயலாததை வகைப்படுத்த முயல்வதா என்ற வினாவை எழுப்புவதாக அமைந்தது. உருவப் பண்புகள் ஒன்றோடொன்று இணைந்து வராமல், வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றி மறைந்துள்ளன என்பது அவர்கள் கண்ட சிக்கல். ஒரு பண்பினைக் கொண்டு பிரித்தால் ஒரு வகைக் குழுக்களும், மற்றொன்றைக் கொண்டு பிரித்தால் வேறு வகைக் குழுக்களும் கிடைக்கும்.

2004இல் அமெரிக்கத் தாவரவியல் இதழில் மொய்லன், பென்னெட், கரைன், ஓம்ஸ்டெட், ஸ்காட்லாந்து ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, உட்கரு டி.என்.ஏ.வின் ஒரு பகுதியையும் பசுங்கணிக டி.என்.ஏ.வின் ஒரு பகுதியையும் உருவப் பண்புகளோடு சேர்த்து ஒப்பிட்டது. அதன் முடிவுகளை இரண்டாகத் தொகுக்கலாம். முதலாவது, ஹெமிகிராஃபிஸ், ஸ்டெனோசைஃபோனியம் முதலியவற்றையும் உள்ளடக்கிய விரிந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் ஒரே மூதாதையிலிருந்து தோன்றிய இயற்கையான குழுவாக அமைகிறது. இரண்டாவது, பிரெம்காம்பின் பேரினங்களுள் பெரும்பாலானவை அவ்வாறு அமையவில்லை.

இன்றைய வகைப்பாட்டியல், ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் உள்ளடக்கிய குழுவையே பேரினமாக ஏற்கிறது. ஹெமிகிராஃபிசைத் தனியே வைத்துக்கொண்டால் எஞ்சிய ஸ்ட்ரோபிலாந்தஸ் முழுமையற்ற குழுவாகிவிடும். எனவே இரண்டே வழிகள் உள்ளன: எல்லாவற்றையும் ஒன்றாக்குதல் அல்லது மரபணுச் சான்று காட்டும் கிளைகளின்படி புதிதாகப் பிரித்தல். புதிய கிளைகளை வெளிப்படையான உருவப் பண்புகளால் வரையறுப்பது அரிதாக இருந்தமையால், முதல் வழியே பெரும்பான்மையோரால் ஏற்கப்பட்டது. 2006இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் வெளியீடாக வந்த வேணுவின் தீபகற்ப இந்திய ஸ்ட்ரோபிலாந்தஸ் நூலும் விரிந்த பேரினத்தையே தலைப்பாகக் கொண்டது.

ஒன்றாக்கிய பேரினத்திற்கு எப்பெயர் என்பதில் ஐயம் இல்லை. முந்து வெளியீட்டு விதியின்படி, 1826இன் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பெயரே 1832, 1847, 1944 ஆகிய ஆண்டுகளின் பெயர்களைவிட முற்பட்டது. பிரெம்காம்பின் ஃபிளெபோஃபில்லம் முற்றிலும் பயனற்றுப் போகவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. கரைன், அலெக்சாண்டர், ஸ்காட்லாந்து ஆகியோர் 2004இல் கியூ இதழில் வெளியிட்ட மீளாய்வில் அதனையே குந்தியானா குழு என்ற முறைசாராப் பிரிவாகக் கொண்டு விளக்கினர். பேரினம் என்ற தகுதி நீங்கினாலும், உறவுடைய சிற்றினங்களைச் சேர்த்து நோக்கும் பயன் நீங்கவில்லை.

8. பெயரின் பால்

முன்னுரையில் சுட்டிய மூன்று பெயர்களின் வேறுபாட்டை இப்போது விளக்கலாம். பெயரிடு விதிகளின்படி, பெயரடையாக வரும் சிற்றினப் பெயர் பேரினப் பெயரின் இலத்தீனப் பாலோடு இயைதல் வேண்டும். ஃபிளெபோஃபில்லம் பொதுப்பால், ஆதலின் குந்தியானம். ஸ்ட்ரோபிலாந்தஸ் பெண்பால், ஆதலின் குந்தியானா. நீலகிரியாந்தஸ் ஆண்பால், ஆதலின் அப்பேரினத்தில் சிலியேட்டஸ் என இருந்த சிற்றினப் பெயர், ஸ்ட்ரோபிலாந்தசுக்கு மாறும்போது சிலியேட்டா ஆகிறது. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்பதன் ஈற்றொலியைக் கொண்டு அதனை ஆண்பாலாகக் கருதியதால் எழுந்த வழுவே குந்தியானஸ். ஆகவே மூன்றும் ஒரே செடியைக் குறிப்பன. இன்று ஏற்கப்படுவது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா.

9. பெயர்க்குழப்பத்தின் விளைவுகள்

9.1 மருந்தாய்வு

கேரளத்தில் கரிங்குறிஞ்சி என வழங்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா ஆயுர்வேத மருந்துகளில் பயன்படுவது. இதன் வேதிப்பொருள்கள் பற்றிய கட்டுரைகள் நீலகிரியாந்தஸ் சிலியேட்டஸ் என்ற பெயரிலும் ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா என்ற பெயரிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெயரை மட்டும் கொண்டு தேடும் ஆய்வாளர் முன்னாய்வுகளின் ஒரு பகுதியை இழந்துவிடுகிறார். தென்சீனத்திலும் ஓகினாவாவிலும் அவுரி போன்ற நீலச்சாயம் எடுக்கப் பயன்படும் ஸ்ட்ரோபிலாந்தஸ் கூசியாவும் பாஃபிகாகாந்தஸ் கூசியா என்ற பெயரில் பல நூல்களில் இடம்பெறுகிறது. வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும், மலையாளத்தில் முறிகூட்டி எனப்படும் செடி ஹெமிகிராஃபிஸ் என்ற பழம்பெயரிலேயே இன்றும் அறியப்படுகிறது.

9.2 பாதுகாப்பு

கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இச்சிற்றினம் அழிவுக்கு எளிதில் உட்படக்கூடியது என்ற நிலையில் வைக்கப்பட்டது.

சட்டம் பாதுகாப்பது ஒரு பெயரை. அப்பெயரால் சுட்டப்படும் செடியைக் களத்தில் அடையாளம் காண வேண்டியவர் வனப் பணியாளர். பன்னிரண்டு ஆண்டுகளில் பதினோர் ஆண்டுகள் அச்செடி பூவின்றி நிற்கிறது. அக்காலத்தில் அது புல்வெளியில் உள்ள சாதாரணப் புதராகவே தோன்றும். உயர்மலைப் புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும் தைல மரக் காடுகளாகவும் சீகை மரக் காடுகளாகவும் மாற்றப்பட்டபோது அழிந்தவை பெரும்பாலும் இவ்வாறு பூவின்றி நின்ற செடிகளே. இலை, தண்டு, உரோமம், வாழிடம் ஆகியவற்றைக் கொண்டு பூவற்ற செடியை அடையாளம் காணும் திறவுகோல்கள் உருவாக்கப்படுதல் வேண்டும். அன்றியும், சட்டப் பட்டியலில் இடம்பெறாத, இதனினும் குறுகிய பரப்பில் வளரும் பிற குறிஞ்சிச் சிற்றினங்கள், நீலக்குறிஞ்சியின் புகழால் மறைக்கப்பட்டுவிடும் நிலையும் உள்ளது.

10. சங்க இலக்கியக் குறிஞ்சி எது?

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களின் வரிசையில் குறிஞ்சியையும் வைக்கிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாடல் இம்மலரைப் பற்றி மூன்று செய்திகளைத் தருகிறது: மலைச்சாரலில் வளர்வது, கொம்பு கரியது, தேன் மிகுந்தது. பூக்கும் கால இடைவெளி பற்றி அப்பாடலில் குறிப்பு இல்லை.

இம்மூன்று செய்திகளும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தோடு நன்கு பொருந்துகின்றன. சங்க இலக்கியத் தாவரங்களை ஆராய்ந்தோர் குறிஞ்சியை இப்பேரினத்தில் வைத்தமை ஏற்கத்தக்கது. ஆயின், இப்பேரினத்தின் எச்சிற்றினம் என்பதை இச்செய்திகளால் மட்டும் துணிய இயலாது. மலைச்சாரலில் வளர்தல் தென்னிந்தியச் சிற்றினங்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொது. திரளாகப் பூக்கும் எச்சிற்றினமும் தேனீக்களை ஈர்க்கும். தண்டின் நிறம் முதிர்ச்சிக்கும் வாழிடத்திற்கும் ஏற்ப மாறக்கூடியது. நீலக்குறிஞ்சி உயர்மலைப் புல்வெளிகளுக்கு உரியது. மலைச்சாரல் என்ற சொல்லோ அதனினும் தாழ்ந்த காட்டுச் சரிவுகளையும் உள்ளடக்கும். ஆகவே சங்கக் குறிஞ்சியை ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று மட்டும் வரையறுத்தல் சான்றின் எல்லையைக் கடப்பதாகும்.

நிகண்டு, அகராதி வழக்குகளில் குறிஞ்சி என்ற சொல் அதே குடும்பத்தைச் சேர்ந்த செம்முள்ளியையும் குறிக்கிறது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். குறிஞ்சி பொதுப்பெயராக நிற்க, நீலக்குறிஞ்சி, கரிங்குறிஞ்சி என அடைகள் சேர்ந்து வகைகளைப் பிரித்துக் காட்டும் வழக்கு பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் இணைந்த அறிவியற்பெயர் முறையை ஒத்துள்ளது. பழந்தமிழர் பேரினக் கோட்பாட்டை அறிந்திருந்தனர் என்று இதனால் கூறுதல் மிகை. ஆனால் மக்கள் வழக்கில் குறிஞ்சி என்பது ஒரு சிற்றினத்தின் பெயராக அன்றி, ஒத்த தோற்றமுடைய செடிக்குழுவின் பெயராக இயங்குகிறது என்று கொள்ள இடமுண்டு. பதிப்புகளின் அருஞ்சொற்பொருளிலும் தாவரப் பட்டியல்களிலும் குறிஞ்சிக்கு நேராக ஸ்ட்ரோபிலாந்தஸ் சிற்றினங்கள் என்று பன்மையில் குறிப்பிடுவதே பொருத்தமானது.

11. முடிவுரை

ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் வகைப்பாடு 1832இல் பகுப்பாகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுப்பாகவும், 1944இல் மீண்டும் பகுப்பாகவும், 1990களுக்குப்பின் மீண்டும் தொகுப்பாகவும் அமைந்தது. இம்மாற்றங்களுக்கு ஆய்வாளர்களின் கருத்து வேறுபாடு மட்டும் காரணமன்று. நுண்பண்புகளின் மிகுந்த வேறுபாடும், பூவுடைய மாதிரிகளின் அருமையும் சேர்ந்து உருவாக்கிய சிக்கல் இது. மரபணுச் சான்று விரிந்த பேரினத்தை உறுதிப்படுத்தியுள்ளது. ஆயினும் அதன் உட்பிரிவுகள் இன்னும் முழுமையாக வரையறுக்கப்படவில்லை.

2030ஆம் ஆண்டுப் பூப்பு இவ்வகையில் ஓர் அரிய வாய்ப்பு. அதற்குமுன் பூவற்ற நிலையில் செடிகளைக் குறியிட்டு, பூக்கும்போது அதே செடிகளின் பூவையும், பின்னர் கனியையும் விதையையும் சேகரித்தால், ஒரு சிற்றினத்தின் அனைத்து நிலைகளையும் இணைத்த மாதிரித் தொகுதி கிடைக்கும். பழங்குடி மக்கள் குறிஞ்சி வகைகளுக்கு வழங்கும் பெயர்களையும் அவர்கள் பூவின்றி அவற்றைப் பிரித்தறியும் முறைகளையும் உடன் பதிவு செய்தல் வேண்டும். இப்பணியில் தாவரவியலாரும் தமிழாய்வாளரும் சேர்ந்து ஈடுபட வேண்டும். இவ்வாய்ப்பு தவறினால் அடுத்தது 2042இல்தான் கிட்டும்.